ஆறு எண்களும் இசக்கியும்

1

நம் கோயில் கொடைவிழா மலருக்கு ஒவ்வொரு வருடமும் திருவனந்தபுரத்திலிருந்து ஏதாவது எழுதி அனுப்புகிறேன். இங்கே பெய்யும் மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஓணத்துக்கு வீடு தேடி வரும் பழைய மாணவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஊரை விட்டு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்கு வந்துவிடலாம், இதற்குப் போய் இவர் பரதேசம் போனவர் மாதிரி எழுதுகிறாரே என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரியும். ஆனால் ரேஷன் கார்டின் எழுத்து மாறி, ஆபீஸ் மொழி மாறி, பெற்ற பிள்ளையின் வாயும் மாறிப்போன இடத்தை வேறு எப்படிச் சொல்வது?

இந்த வருடம் கீழத்தெரு இசக்கியைப் பற்றி எழுதுகிறேன். இங்கே தம்பானூர்ப் பக்கம் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களிடம் கொடை வரி பிரித்து, அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பவன் அவன்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டாளிகள் ரகசியமாக வைத்திருந்த லாட்டரி எண்களை அவன் வெளியே சொல்லிவிட்டான், காசுக்கு விற்றுவிட்டான் என்று உங்கள் காதுக்கு வந்தது. வரி பிரிக்கும் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

அவன் சொல்லவில்லை. சொன்னது நான். அவன்மேல் பழி விழுந்தபோது பக்கத்து மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படித்துவிட்டு அவன் விஷயத்தில் முடிவு எடுங்கள்.

2

மனைவி காலமான பிறகு என் காலைச் சாப்பாடு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகள் நெருங்கி நிற்கும் சந்தில் உள்ள ஒரு ஓட்டலில். அங்கே தோசைக்கல்லில் நிற்பவன் நம் மேலத்தெரு சுடலை. காலையில் தோசை, சாயங்காலம் பரோட்டா. இசக்கிக்கு மேல்மாடி லாட்ஜில் வேலை. விடியும் முன் இரண்டு மூன்று வீடுகளில் கார் துடைத்துவிட்டு வந்து, பிறகு லாட்ஜில் விரிப்பு மாற்றுவான். சுடலை, இசக்கி, இன்னும் நான்கு பேர், எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். ஆறு பேருக்கும் சேர்ந்து ஒரே அறை.

நம் தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. இங்கே அரசே நடத்துகிறது. பம்பர் சீட்டு வந்தால் இந்த ஆறு பேரும் கூட்டாக ஒன்று எடுப்பார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் யாரோ ஒருவன் செல்போனில் அமெரிக்க லாட்டரிச் செய்தியைக் காட்ட, சுடலை தோசைக் கரண்டியோடு என் மேஜைக்கு வந்தான்.

"சாரே, இது நெசமா? இத்தன கோடி ஒரே ஆளுக்கா?"

"நிஜம்தான்."

"உங்க மக அந்தூர்லதான இருக்கா?"

என் மகள் ரேவதி அங்கே போய்ப் பல வருடங்கள். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். எதைக் கேட்டாலும் பாடமாகச் சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. அன்றைக்கும் சொன்னேன்.

அமெரிக்காவில் நம்மைப் போலவே மாநிலங்கள் தனித்தனியாக லாட்டரி நடத்தின. ஆள் குறைந்த சிறிய மாநிலங்களால் பெரிய பரிசு கொடுக்க முடியவில்லை. சிறிய பரிசை மக்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் சில மாநிலங்கள் சேர்ந்து ஒரே ஆட்டமாக நடத்தத் தொடங்கின. தன் எல்லைக்குள் விற்ற சீட்டின் லாபத்தை அந்தந்த மாநிலம் வைத்துக்கொள்ளும். பரிசுக்கு உரிய பங்கை மட்டும் பொதுவில் போடும். நாளடைவில் பெரிய மாநிலங்களும் வந்து சேர்ந்தன. இன்றைக்குச் சேராத மாநிலங்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும்.

சீட்டில் எண் அச்சடித்து வராது. நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து அறுபத்தொன்பது வரை உள்ள வெள்ளைப் பந்துகளில் ஐந்து. ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை உள்ள சிவப்புப் பந்துகளில் ஒன்று. ஆறும் பொருந்தினால் பெரிய பரிசு. இங்கே பம்பர் என்றால் யாருக்காவது விழுந்தே தீரும். அங்கே யாருக்கும் விழாமலும் போகலாம். அப்படிப் போனால் பணம் அடுத்த குலுக்கலுக்கு ஏறும். ஆரம்பத்தில் பந்துகள் இவ்வளவு இல்லை. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் இடையிடையே விதியை மாற்றி, பெரிய பரிசு விழுவதை மேலும் அரிதாக்கினார்கள். விழாவிட்டால் தொகை ஏறும், தொகை ஏறினால் செய்தி வரும், செய்தி வந்தால் வாங்காதவனும் வாங்குவான். இன்றைக்கு ஒரு சீட்டுக்குப் பெரிய பரிசு விழும் வாய்ப்பு ஏறத்தாழ இருபத்தொன்பது கோடியில் ஒன்று. விளம்பரத்தில் சொல்லும் தொகையும் உடனே கைக்கு வராது. முப்பது தவணையில் வரும். மொத்தமாகக் கேட்டால் வெட்டிக் குறைத்துத் தருவார்கள். அதற்கு மேல் வரி.

"முப்பது தவணைன்னா?"

"வருடத்துக்கு ஒன்று."

"அதுக்குள்ள நான் எங்க இருப்பேன், சார் எங்க இருப்பிய? மொத்தமாவே வாங்கிருவோம், கேட்டியளா," என்று முடித்துவிட்டான் சுடலை. நான் சொன்ன இருபத்தொன்பது கோடியை அவன் பரிசுத்தொகையோடு சேர்த்துக்கொண்டானோ என்னவோ.

ஐந்து வெள்ளை, ஒரு சிவப்பு, ஆளும் ஆறு. ஆளுக்கொரு எண் என்று முடிவாயிற்று. ஒருவன் "நூத்தியெட்டு" என்றான்.

"ஆம்புலன்சுக்கா போன் போடுத? அறுவத்தொம்பதுக்குள்ள சொல்லுல," என்றான் சுடலை.

பிறந்த தேதி, மகள் பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று எல்லாம் முப்பத்தொன்றுக்குள் வந்தது. சிவப்பு எண்ணைச் சொல்லும் முறை சீட்டுக் குலுக்கியதில் இசக்கிக்கு வந்தது.

"பதினொண்ணு."

"அது யாரு பொறந்த தேதி?"

"ஒருத்தரும் இல்ல. வாயில வந்துச்சு, சொன்னேன்."

பிறகு சுடலை குரலைத் தாழ்த்தினான். "நம்ம ஆறு பேரு, சாரு, சார் மக. இதத் தாண்டி நம்பரு வெளிய போவப்பிடாது. போச்சுன்னா எவனாவது ஓடிப்போயி நமக்கு முந்தி எடுத்துருவான்."

கேரளச் சீட்டு பழகியவர்களின் எண்ணம் இது. இங்கே ஒரு சீரிஸில் ஒரு எண் ஒரே சீட்டில்தான் இருக்கும். உங்கள் கையில் இருந்தால் வேறு எவர் கையிலும் இல்லை. அமெரிக்க ஆட்டத்தில் ஒரே ஆறு எண்களை ஆயிரம் பேர் எடுக்கலாம். யாரும் யாரையும் முந்த முடியாது. விழுந்தால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதை அந்த இடத்திலேயே சொல்லித் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. நல்ல உதாரணம் கிடைத்ததே என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

3

இங்கிருந்து பணம் அனுப்பி வெளிநாட்டு லாட்டரி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே ரேவதி தன் காசில் எடுத்தாள். இவர்கள் தருவதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இது சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று அவள் கேட்டாள். ஓரம் என்று சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"விழுந்தா சீட்டு யாருடைய பேர்லப்பா? நான்தானே வாங்கியது? டாக்ஸ்காரன் என்னைத்தானே பிடிக்கும்? அப்பாவுக்கு வேறே பணியொண்ணும் இல்லே?"

அவள் தமிழ் இப்படித்தான். இங்கே பள்ளிக்கூடம் எல்லாம் மலையாளம். வீட்டில் நாங்கள் தமிழ் பேசினோம், அவள் மலையாளத்தில் பதில் சொன்னாள். கோபம் வந்தால் இன்றும் அமெரிக்காவிலிருந்து மலையாளத்தில்தான் திட்டுகிறாள். பேரனுக்கு அதுவும் இல்லை. போனில் என் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன், எங்கள் பேச்சு அத்துடன் முடிந்தது.

வருடத்துக்கு ஒருமுறை பென்ஷனுக்காக ட்ரஷரியில் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிக் கையெழுத்துப் போடுகிறேன். மற்றபடி என்னை யாரும் எதற்கும் தேடுவதில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. தமிழ்ச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டதும் எனக்கு ஏன் அத்தனை சந்தோஷம் வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

தலைப்பு நான் கொடுத்ததுதான்: 'மாநிலங்களின் கூட்டு லாட்டரி: ஒரு கணக்கு.' சிறிய மண்டபம், ஐம்பது அறுபது பேர், பெரும்பாலும் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள். பாதிப் பேச்சில் தூக்கம் தெரிந்தது. அப்போதுதான் கரும்பலகையில் அந்த ஆறு எண்களையும் எழுதினேன்.

"இது நமக்குத் தெரிந்த சில தொழிலாளர்கள் எடுக்கும் சீட்டு. ஏதாவது தெரிகிறதா? எல்லாம் முப்பத்தொன்றுக்குள். காலண்டரைத் தாண்டி அவர்களால் ஒரு எண்ணை நினைக்க முடியவில்லை. உலகம் முழுக்க இப்படிப் பிறந்த தேதியை எழுதுகிறவர்கள் ஏராளம் என்பதால், விழுந்தால் ஊரோடு பங்கு போட வேண்டியிருக்கும். ஆனால் இவர்களோ எண் வெளியே தெரிந்தால் எவனாவது முந்திக்கொள்வான் என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள்!"

மண்டபம் சிரித்தது. தூங்கியவர்களும் விழித்துச் சிரித்தார்கள். நான் பேர் சொல்லவில்லை, தம்பானூர் என்றும் சொல்லவில்லை. சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பல வருடங்களாக வகுப்பில் கிடைக்காத சிரிப்பு அது.

4

தொகை ஏறிக்கொண்டே போனது. பல வாரம் யாருக்கும் விழவில்லை. சுடலைக்குத் தூக்கம் குறைந்தது. "சார், நேத்து எம்புட்டு?" என்பதுதான் எனக்குக் காலை வணக்கம்.

ஒரு சனிக்கிழமை காலை, சங்கத்துச் செயலாளர் ராமநாதன் பூரி பார்சலுக்கு வந்தார். நல்ல மனிதர், வாய் கொஞ்சம் அதிகம். கல்லாவில் இருந்தவர் செல்போனில் அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் குஷியாகிவிட்டார்.

"நானும் ஒண்ணு போட்டிருக்கேன்! பையன் அங்க இருக்கான்லா, எடுக்கச் சொல்லிட்டேன். நம்பர் சொல்லட்டுமா?"

ஆறையும் சொன்னார். சிவப்பு பதினொன்று என்பது வரைக்கும். நான் தூணுக்கு மறைவான மேஜையில் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுடலையின் கை கல்லின் மேலேயே நின்றது. மேல்மாடியிலிருந்து அழுக்கு விரிப்புகளைச் சுமந்துகொண்டு இசக்கி அப்போதுதான் படியிறங்கி வந்தான்.

"ஏல, இங்க வா. நீ காலைல யார் யார் வீட்ல கார் தொடைக்க?"

"ஏன்? டாக்டர் வீடு, அப்புறம் ராமநாதன் சார் வீடு..."

"எம்புட்டுக்குல வித்த?"

இசக்கிக்குப் புரியவில்லை. புரிந்தபோது விரிப்பு மூட்டையைக் கீழே போட்டான். "எங்க அம்மை சத்தியமா நான் வாயத் தொறக்கல."

"அப்பம் பொறவு அவருக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்துச்சா? ஒரே நம்பர்ல ரெண்டு சீட்டு. ஒண்ணு கள்ளச்சீட்டும்பான். நாளைக்கு விழுந்தா நம்மளப் பிடிப்பானா, அவரு மாதிரி காரு வச்சிருக்கவரப் பிடிப்பானா?"

பரிமாறிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "நம்மள விட்டா சாருக்கு மட்டுந்தான் தெரியும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உடனே, பார்த்ததே தப்பு என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "சீ, வாயக் கழுவு," என்றான் சுடலை. "யாரச் சொல்லுத?"

அந்த மரியாதை எனக்கு அப்போது வசதியாக இருந்தது. இசக்கி மட்டும் என்னையே பார்த்தான். "சார், நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். ஒரே எண்ணை எத்தனை பேரும் எடுக்கலாம், அது கள்ளச்சீட்டு ஆகாது என்பது முதல் வாக்கியம். அதைச் சொன்னால், 'சரி, ஆனா அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்ற கேள்வி அப்படியே நிற்கும், இரண்டாவது வாக்கியத்தையும் சொல்ல வேண்டி வரும். கரும்பலகையும் சிரிப்பும் வெளியே வரும். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"அவசரப்படாதீங்க. நிதானமா விசாரிக்கலாம்," என்றேன்.

விசாரிக்கலாம் என்று பெரியவர் சொன்னால் விசாரிக்க ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். என் வார்த்தை அவனுக்கு எதிராகப் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் அவன் துணிகள் அறை வாசலில் கிடந்தன. சாயங்காலத்துக்குள் சுடலை ஊருக்குப் போன் பேசினான். கொடை வரி இசக்கியிடமிருந்து சுடலையின் கைக்கு மாறியது. லாட்ஜ் மானேஜரும், எதற்கு வம்பு என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில் அவன் மச்சான் ஒருவன் சுமைவேலை பார்க்கிறான், அங்கே போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

5

அங்கே சனிக்கிழமை இரவு நடக்கும் குலுக்கல் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் வேளையில் வரும். மறுநாள் ஓட்டலில் கூட்டம். வெளியே ஆள் நின்றது, சுடலை கல்லில் மாவை ஊற்றவில்லை. என் செல்போனை நடுவில் வைத்து ஐந்து பேரும் குனிந்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க நிகழ்தகவு சொல்லிக்கொடுத்த நான், விழக்கூடாது, விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். விழுந்தால் ராமநாதன் வருவார், பேச்சு வரும்.

முதல் வெள்ளைப் பந்து இல்லை. இரண்டாவதும் இல்லை. ஐந்தும் இல்லை. கடைசியாகச் சிவப்புப் பந்து உருண்டு நின்றது. பதினொன்று.

சிவப்பு மட்டும் பொருந்தினால் நான்கு டாலர். சீட்டு விலை இரண்டு டாலர்.

"அவன் நம்பரு மட்டும் வந்துருக்கு," என்றான் ஒருவன்.

"அடுப்பப் பாருல," என்றான் சுடலை.

வீட்டுக்கு வந்ததும் ரேவதி கூப்பிட்டாள். நான்கு டாலர் விழுந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். யாருடைய எண் என்று கேட்டாள். நான் இசக்கி என்றேன், பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அந்த ஆளை வெளியே ஆக்கியப்போ அப்பா அங்கே இருந்ததா?"

"இருந்தேன்."

"எந்நிட்டு அப்பா ஒண்ணும் பறஞ்ஞில்லே?"

பிறகும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்கிறாள். மகளின் மலையாளத்தைக் குறையாகவே கேட்டுப் பழகியவன் நான். அன்று மொழி காதில் விழவில்லை, கேள்வி மட்டும் விழுந்தது. "இனி நான் சீட்டு எடுக்கிறதில்லே. அவரிடம் போய்ச் சொல்லு அப்பா," என்று வைத்துவிட்டாள்.

6

தம்பானூரில் பஸ் ஏறி வித்துரா சந்தை முன்னால் இறங்கினேன். பொன்முடிக்கு மேலே போகும் பஸ்ஸுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். இசக்கி ஒரு பிக்கப் வண்டியிலிருந்து வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வாழைக்கறை.

"சாரா? என்ன, பொன்முடி பாக்க வந்தியளா?"

"உன்னைப் பார்க்கத்தான்."

"இரிங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு எறக்க."

டீக்கடை பெஞ்சில் காத்திருந்தேன். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் மண்டபத்தில் பேசியதிலிருந்து காபி குடித்தது வரை சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிந்தது. மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் வந்தேன்."

"இத எதுக்கு சார் எங்கிட்ட வந்து சொல்லுதிய?" அவன் குரல் ஏறவில்லை. "நான் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவன் தம்பானூர்ல தோச சுட்டுக்கிட்டு நிக்கான். அவன் கல்லுக்கும் ஒங்க மேசைக்கும் எத்தன தூரம்? அங்க சொல்லாம மலையேறி வந்து எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லுதிய."

டீ வந்தது. அவன் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தான்.

"ஊர்ல எம்பொண்டாட்டி தெருக்குழாய்க்குத் தண்ணி பிடிக்கப் போவ மாட்டேங்கா. கொடை வருது. வரி பிரிச்ச ஆளு வாசல்ல நிக்கணுமா, உள்ள வரணுமான்னு தெரியாம இருக்கேன். ஒங்க மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? அங்க போய்ச் சொல்லுங்க. ஊர்லயும் சொல்லுங்க."

சிவப்பு எண் விழுந்த கதையைச் சொல்லி, அந்தப் பங்கை நான் தருவதாகச் சொன்னேன். சொல்லும்போதே அபத்தம் என்று தெரிந்தது.

"டீக்குக் காசு நான் குடுத்துட்டேன்," என்று எழுந்து போனான்.

7

மறுநாள் காலை ஓட்டலில் நின்றுகொண்டே சொன்னேன். "சுடலை, எண்களை வெளியே சொன்னது இசக்கி இல்லை. நான். சங்கத்தில் பேசியபோது சொன்னேன்."

சுடலை சிரித்தான். நான் எதிர்பார்க்காத சிரிப்பு. கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினான்.

"சாருக்க மனசு யாருக்கு வரும்? வித்துராக்குப் போயிட்டு வந்தியளாமே, கண்டக்டர் சொன்னான். அவன் ஒங்ககிட்ட அழுதானாக்கும். அவனுக்காவ நீங்க ஏன் சார் பழிய ஏக்கணும்?"

"பழி இல்லை. உண்மை."

"கேட்டியளால? படிச்சவங்கன்னா இப்படி இருக்கணும்," என்று அவன் மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள்.

கையை ஓங்கி மேஜையில் அடித்தேன். டம்ளர் விழுந்தது. இத்தனை வருடத்தில் அந்த ஓட்டலில் நான் குரல் உயர்த்தியது கிடையாது. செல்போனை எடுத்து ராமநாதனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். அந்த எண்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன்.

"என்ன சார், மறந்துட்டீங்களா? நீங்கதானே போர்டுல எழுதினீங்க! காலண்டரைத் தாண்டித் தெரியாத ஆளுங்கன்னு சொன்னீங்களே, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. சும்மா ஒரு தமாஷுக்கு அதையே போட்டேன். ஏன், ஏதாவது விழுந்துச்சா?"

நான்கு டாலர் என்று சொல்லி வைத்தேன். கல்லில் ஒரு தோசை கருகிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"சிரிச்சாங்களா?" என்றான் சுடலை.

"சிரித்தார்கள்."

"எங்களச் சொல்லியா?"

"பேர் சொல்லவில்லை."

"பேர் சொல்லாம." கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துத் தொட்டியில் போட்டான். இசக்கியை எதற்காக விரட்டினோம் என்று நினைத்தானோ, தன் மகள் பிறந்த தேதிக்கு ஒரு மண்டபம் சிரித்ததை நினைத்தானோ, தெரியாது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாப்ட்டாச்சுன்னா எந்திரிங்க சார். ஆளு நிக்காங்க."

நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து வந்தேன்.

8

அன்றைக்கே சுடலை இசக்கிக்குப் போன் செய்திருக்கிறான். இசக்கி, "பெட்டிய எடுக்க வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நீங்களும் இருக்கணும், வாங்க" என்று சுடலை எனக்கு ஆளனுப்பினான். போனேன்.

இசக்கி உள்ளே வரவில்லை. ஓட்டல் படிக்கு வெளியே நின்றான். சுடலை ஒரு டீயை எடுத்துக்கொண்டு போய் நீட்டினான். வாங்கிக்கொண்டான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தப்பு எம்மேலதான், மக்கா. அறைக்கு வந்துரு. லாட்ஜ் மானேசர்ட்டயும் பேசிட்டேன். வரியும் நீயே பிரி. ஊர்ல நான் சொல்லிக்கிடுதேன்."

"நீ ஒரு போன்ல சொல்லி எடுத்தாங்க. இன்னொரு போன்ல சொன்னா திருப்பித் தருவாங்களாக்கும்? ஊரு கூடிச் சொல்லட்டும்." டம்ளரைப் படியில் வைத்தான். சட்டைப்பையிலிருந்து ரூபாய் நோட்டுகளை எடுத்தான். "இது என் வரி. இப்ப உங்கிட்டதான குடுக்கணும்? பிடி."

சுடலை தயங்கித்தான் வாங்கினான். இசக்கி நீட்டிய கையை மடக்கவில்லை.

"ரசீது?"

நம் கொடை வரிக்கு ரசீது கிடையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரசீது கேட்கத் தேவையில்லாத ஆளைப் பார்த்துத்தான் வரி பிரிக்க விடுகிறோம். அச்சடித்த புத்தகம் ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. இத்தனை வருடம் இசக்கியிடம் கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை, நான் உட்பட. சுடலைக்கு முகம் செத்துவிட்டது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கல்லாவிலிருந்து பில் எழுதும் தாளில் ஒன்றைக் கிழித்து, முழுப் பேர் போட்டு, இசக்கிமுத்துவிடமிருந்து கொடை வரி பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதினேன். சுடலை கையெழுத்துப் போட்டான். மாவு ஒட்டிய விரல், தாளில் வெள்ளையாகப் பதிந்தது. இசக்கி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். அவசரமே இல்லாமல் படித்தான். பிறகு தாளை என்னிடம் திருப்பி நீட்டினான்.

"தேதி போடல சார்."

போட்டுக் கொடுத்தேன்.